பிட்ஸ்பர்க்கில் பார்த்த 21-ஆம் எண் சட்டை

பிட்ஸ்பர்க் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அங்கே இருக்கிற வேங்கடாசலபதி கோயில்தான். 1976-லேயே அமெரிக்காவில் எழும்பிய கோயில். குன்றுச் சரிவு, சுற்றிலும் மரங்கள், நடுவில் வெள்ளைக் கோபுரம். போய்வந்தவர்கள் எல்லோரும் அந்த ஊர்ப் புளியோதரையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். இரண்டாவதாக ஞாபகம் வருவது இரும்பு. ஒரு காலத்தில் அமெரிக்காவின் பாலங்களுக்கும் உயர்ந்த கட்டடங்களுக்கும் எஃகு வார்த்துக் கொடுத்த ஊர் அது. 1980-களில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியதில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலை இழந்து தவித்தன.

இந்த இரண்டையும் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப் போவது ஒரு சட்டையைப் பற்றி. விளையாட்டுச் சட்டைதான். ஆனால் படித்து முடித்ததும் உங்களில் சிலராவது எழுந்து போய் பீரோவின் அடித்தட்டைத் திறந்து பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

2025-ல் என் தங்கைக்கு அங்கே இரண்டாவது பிரசவம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது. அதனால் பிரசவம் பார்க்க நான் புறப்பட்டேன். கும்பகோணத்தை விட்டால் திருச்சி, திருச்சியை விட்டால் சென்னை என்று இருந்தவள் நான். வசம்பு, ஓமம், சுக்கு, பூண்டு லேகியம் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தேன்.

மெட்ராஸ் டாக்ஸி நிறத்தில் ஓர் ஊர்

அலிகேனி, மொனாங்ககேலா என்று இரண்டு ஆறுகள் வந்து கலந்து, அங்கிருந்து ஒஹாயோ என்கிற பெயரில் மூன்றாவது ஆறாகப் புறப்படுகிற முனையில் இருக்கிறது பிட்ஸ்பர்க். ஆறுகள் இருப்பதால் எங்கே திரும்பினாலும் பாலம். ஊர் நடுவில் இருக்கிற பாலங்களுக்கு மஞ்சள் வர்ணம் பூசியிருக்கிறார்கள்.

அந்த மஞ்சளும் அதோடு கறுப்பும்தான் ஊரின் நிறம். ஊருக்குப் பெயர் கொடுத்த பிட் பிரபுவின் குலச் சின்னத்திலிருந்து வந்த நிறங்களாம். பேஸ்பால் ஆடுகிற பைரேட்ஸ் அணி, அமெரிக்கக் கால்பந்து ஆடுகிற ஸ்டீலர்ஸ் அணி, பனிக்கட்டி மேல் ஹாக்கி ஆடுகிற பெங்குவின்ஸ் அணி, மூன்றுக்குமே கறுப்பும் மஞ்சளும்தான். மளிகைக் கடைக்குப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் யாராவது ஒருவர் அந்த நிறத்தில் பனியனோ தொப்பியோ போட்டிருப்பார். நம்ம பழைய மெட்ராஸ் டாக்ஸி நடந்து வருகிற மாதிரியே இருக்கும்.

குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் நடக்கப் போகும்போது நான் ஒன்று கவனித்தேன். பல பேருடைய முதுகில் ஒரே எண், 21. அதற்கு மேல் 'கிளமெண்டே' என்று ஒரே பெயர். பள்ளிக்கூடப் பையன் முதுகிலும் அதுதான். கைத்தடி ஊன்றி நடக்கிற தாத்தா முதுகிலும் அதுதான்.

"யாருடீ இந்தக் கிளமெண்டே? இப்போ ஆடிக்கிட்டிருக்கிற ஆளா?" என்று தங்கையைக் கேட்டேன்.

"இல்லக்கா, அவர் செத்துப்போய் அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. பக்கத்து வீட்டு அம்மாவைக் கேளு, விடிய விடியச் சொல்வாங்க" என்றாள்.

பக்கத்து வீட்டு அம்மா

அந்த அம்மாளுக்கு எழுபத்தொரு வயது. கணவர் காலமாகிவிட்டார். தங்கை அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அங்கே அதுதான் வழக்கம். எனக்கு வாய் வரவில்லை. 'அம்மா' என்றே கூப்பிட்டேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன்பிறகு என் குரல் கேட்டாலே வேலியோரம் வந்து நிற்பார். என் இங்கிலீஷ் ஹைஸ்கூல் இங்கிலீஷ். அவர் நிறுத்தி நிறுத்திப் பேசுவார், நான் விட்டு விட்டுப் பேசுவேன். இருவருக்கும் புரிந்தது.

நான் போன சமயம் அவர் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். மாடிப்படி ஏற முடியவில்லை, மகன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட் பார்த்திருந்தார்கள். நாற்பது வருஷக் குடித்தனத்தை இரண்டு அறைக்குள் அடக்க வேண்டும். எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது? மாமியாரின் வெண்கலப் பானையைப் பழைய பாத்திரக்காரனிடம் போடுவதா வேண்டாமா என்று மூன்று நாள் தூங்காமல் இருந்த என்னைப் போன்றவர்களுக்குத்தான் அந்தச் சங்கடம் தெரியும்!

சாமான் ஒழிக்க நானும் ஒருநாள் உதவிக்குப் போனேன். அன்றைக்குத்தான் நிலவறையிலிருந்து ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே முழுக்க பேஸ்பால் சாமான்.

மேலே ஒரு முக்கோணத் துணிக்கொடி. அதன் கீழே பச்சை நிறத்தில் கிலுகிலுப்பை மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாமான். 'பச்சை வீனி' என்று அதற்குப் பெயராம். 1966-ல் ரேடியோவில் வர்ணனை செய்த பாப் பிரின்ஸ் என்பவர், "இதை எதிர் அணியைப் பார்த்து ஆட்டுங்கள், அவர்களுக்குக் கைகால் ஓடாது" என்று வேடிக்கையாகக் கிளப்பிவிட்டாராம். நம்ம ஊரில் எலுமிச்சம்பழம் மிளகாய் கட்டுகிற மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரே அதை வாங்கி ஆட்டியதாம். பிறகு ஒரு சமயம் அதே மனிதர் பெண்களைப் பார்த்து, தலையில் கட்டுகிற பாபுஷ்காவை அவிழ்த்து வீசச் சொன்னாராம். ஐரோப்பாவின் கிழக்குப் பக்கத்திலிருந்து ஆலை வேலைக்கு வந்த குடும்பங்களின் பாட்டிமார்கள் கட்டுகிற தலைத்துணி அது. இந்த அம்மாளின் தாயாரும் அப்படிக் கட்டுகிறவர்தான். "எங்கம்மா தலைத்துணியை வெளியிடத்தில் அவிழ்த்து நான் பார்த்தது அந்த ஒருநாள்தான்" என்று சிரித்தார்.

அடுத்து ஒரு ரப்பர் பட்டை போட்ட அட்டைக் கட்டு. சூயிங்கம் பொட்டலத்தோடு கிடைக்கிற வீரர் படங்கள். அவற்றில் கிளமெண்டே படத்தின் கீழே 'பாப் கிளமெண்டே' என்று அச்சடித்திருந்தது. "அவர் பெயர் பாப் இல்லை. ரொபெர்ட்டோ. அதை அச்சடித்தவர்களுக்கு வாயில் நுழையவில்லை" என்றார். 1957-லிருந்து 1969 வரை அந்தக் கம்பெனி அட்டைகளில் அப்படித்தான் போட்டார்களாம். அவரோ "என் பெயர் ரொபெர்ட்டோ" என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தாராம்.

பெட்டியின் அடியில், வெள்ளைத் துணியில் சுற்றி, ஒரு சின்னச் சட்டை இருந்தது. பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு ஆகும். கை இல்லாத வெள்ளைச் சட்டை, ஓரத்தில் கறுப்புப் பட்டி. முதுகில் கறுப்புத் துணியில் 21. அந்த '1' மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கடையில் வாங்கியது இல்லை என்று ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. தையல் மிஷின் வைத்திருக்கிறவளுக்குத் தெரியாதா?

"எங்கம்மா தைத்தது. 1966. வீரர் போடுகிற சட்டையை இப்போது மாதிரி அப்போது கடையில் தொங்கவிட்டு விற்கவில்லை. நான் அழுதேன். அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை வெட்டித் தைத்துக் கொடுத்தாள். எண்ணுக்குத் துணி போதவில்லை, அதனால்தான் ஒன்று சாய்ந்துவிட்டது" என்றார்.

ரொபெர்ட்டோ

அந்த மேஜையில் உட்கார்ந்து நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஆட்டம். கிரிக்கெட் தெரிந்தால் பேஸ்பால் பாதி புரியும். மட்டை உருண்டையாக இருக்கும். பந்து தரையில் குத்தி எழும்பாமல் நேரே மட்டைக்கு வரும். அடித்தவர் வைரக்கல் வடிவத்தில் இருக்கிற மூலைகளைச் சுற்றி ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். வேலிக்கு மேலே பறந்தால் ஹோம் ரன். அடித்துவிட்டுப் பத்திரமாக ஒரு மூலையையாவது பிடித்தால் அது ஒரு ஹிட். பந்து பிடிக்க ஒன்பது பேர், கையில் பெரிய தோல் உறை. கிளமெண்டே நின்றது வலது பக்கக் கோடியில். அங்கிருந்து அவர் எறிகிற பந்து அம்பு மாதிரி வந்து சேருமாம்.

அவர் பிறந்தது 1934-ல், பியூர்ட்டோ ரிக்கோ தீவில், கரோலினா என்கிற ஊரில். அப்பா கரும்புத் தோட்டத்தில் வேலை. வீட்டில் ஏழு குழந்தைகள், இவர் கடைக்குட்டி. பைரேட்ஸ் அணி அவரை நாலாயிரம் டாலருக்கு எடுத்துக்கொண்டது. 1955-ல் ஆட வந்தார். பதினெட்டு வருஷம் வேறு அணிக்கே போகவில்லை. அந்த ஊர் வழக்கப்படி அப்பா குடும்பப் பெயரோடு அம்மா குடும்பப் பெயரும் சேர்ந்து வரும்: ரொபெர்ட்டோ கிளமெண்டே வாக்கர். இங்கிலீஷில் எண்ணிப் பார்த்தால் இருபத்தொரு எழுத்து. அதனால்தான் 21 என்று சொல்கிறார்கள்.

வந்த புதிதில் பட்ட பாடு கொஞ்சமில்லை. கறுப்பு நிறம், ஸ்பானிஷ் பாஷை. பயிற்சிக்கு ஃபுளோரிடா போனால் வெள்ளைக்கார வீரர்கள் தங்குகிற ஓட்டலில் இவருக்கு இடம் கிடையாது. வழியில் அவர்கள் ஓட்டலுக்குள் போய்ச் சாப்பிடுவார்கள், இவரும் மற்றக் கறுப்பு வீரர்களும் பஸ்ஸில் காத்திருக்க வேண்டும். அவர் பேசுகிற இங்கிலீஷைப் பத்திரிகைக்காரர்கள் உச்சரிப்புப் பிசகோடு அப்படியே அச்சிட்டுக் கேலி செய்தார்கள். இதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்நிய பாஷையில் ஒரு வாக்கியம் பேசுவதற்குள் நாக்கு உலர்ந்துபோகிற அனுபவம் எனக்கு அப்போதுதானே நடந்துகொண்டிருந்தது!

அவரோ ஆட்டத்தால் பதில் சொன்னார். நாலு தடவை லீகில் முதல் மட்டையாளர். பன்னிரண்டு தடவை பந்து பிடிப்பதற்கான தங்கக் கையுறைப் பரிசு. 1960-லும் 1971-லும் பைரேட்ஸ் வேர்ல்டு சீரீஸ் ஜெயித்தபோது, இரண்டிலும் சேர்த்துப் பதினாலு ஆட்டம், ஒவ்வொரு ஆட்டத்திலும் ஹிட் அடித்திருக்கிறார். 1971-ல் அந்தத் தொடரின் சிறந்த வீரர் அவர்தான். ஜெயித்தவுடன் டெலிவிஷன்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். அமெரிக்கா முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் முதலில் ஸ்பானிஷ் பாஷையில் பேசி, தன் பிள்ளைகளுக்கு ஆசி சொல்லி, ஊரில் இருக்கிற அப்பா அம்மாவிடம் ஆசி கேட்டாராம். இதைச் சொல்லும்போது அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா என்ன!

1972 செப்டம்பர் 30-ஆம் தேதி மூவாயிரமாவது ஹிட் அடித்தார். லீக் ஆட்டங்களில் அதுவே கடைசி. கணக்கு சரியாக 3000-த்தில் நின்றுபோயிற்று.

அந்த டிசம்பர் 23-ஆம் தேதி நிகராகுவா நாட்டில் மனாகுவா நகரம் பூகம்பத்தில் நொறுங்கியது. சில வாரங்களுக்கு முன்னால்தான் அவர் ஓர் அணியை அழைத்துக்கொண்டு அங்கே போய்வந்திருந்தார். ஊர் ஊராக நிவாரணப் பொருள் திரட்டினார். அனுப்பிய சாமான்கள் ஏழைகளுக்குப் போய்ச் சேராமல் நடுவிலேயே மாயமாகின்றன என்று தகவல் வந்ததும், நானே கூடப் போகிறேன் என்று புறப்பட்டுவிட்டார். டிசம்பர் 31 ராத்திரி. பழைய சரக்கு விமானம், அளவுக்கு மீறிய பாரம். கிளம்பிச் சற்று நேரத்தில் சான் ஹுவான் கரைக்கு அப்பால் கடலில் விழுந்தது. விமானத்தில் ஐந்து பேர். அவர் உடல் கிடைக்கவே இல்லை. அணியின் நண்பர் மேனி சாங்கியன் இரங்கல் கூட்டத்துக்குக்கூடப் போகாமல், கடலில் இறங்கித் தேடிக்கொண்டிருந்தாராம். முப்பத்தெட்டு வயது. மனைவி வேரா, மூன்று சின்னப் பையன்கள்.

"புத்தாண்டுக்கு எங்கள் பக்கம் பன்றிக்கறியும் புளிக்க வைத்த முட்டைக்கோஸும் சமைப்போம், அந்த வருஷம் முழுக்க நல்லது நடக்கும் என்று. 1973 புத்தாண்டு காலையில் அடுப்பில் அது கொதித்துக்கொண்டிருந்தது. ரேடியோவில் செய்தி வந்தது. ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போது பதினெட்டு வயசு. எங்கம்மா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் இந்தச் சின்னச் சட்டையைத் தேடி எடுத்துத் தெருப் பக்கத்து ஜன்னலில் மாட்டினாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை" என்றார்.

ஒருவர் ஆட்டத்திலிருந்து விலகி ஐந்து வருஷம் ஆன பிறகுதான் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம் தருவார்கள். இவருக்காக அந்த விதியைத் தளர்த்தி, 1973-லேயே கொடுத்தார்கள். வேராதான் போய்ப் பெற்றுக்கொண்டார். ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு நகரம் அமைக்க வேண்டும் என்பது கணவரின் கனவு. மூன்று பிள்ளைகளையும் வளர்த்து, கரோலினாவில் அந்தக் கனவையும் சுமந்தவர் அந்த அம்மையார். 2019-ல் காலமானார்.

பாலத்தைத் தாண்டி மைதானம்

குழந்தைக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது, தங்கையின் வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை எங்களை ஆட்டம் பார்க்க அழைத்துப் போனார். பக்கத்து வீட்டு அம்மாளும் அவருடைய பத்து வயசுப் பேரனும் கூட வந்தார்கள்.

ஊர் நடுவிலிருந்து அலிகேனி ஆற்றின் மேல் ஒரு மஞ்சள் பாலம். ரொபெர்ட்டோ கிளமெண்டே பாலம் என்றே பெயர். ஆட்ட நாளில் அதில் வண்டிகளை விடுவதில்லை. ஜனங்கள் தேருக்குப் போகிற மாதிரி கும்பல் கும்பலாக நடந்து போகிறார்கள். பாலத்தின் அந்தக் கோடியில் அவருடைய வெண்கலச் சிலை. மட்டையை விட்டுவிட்டு ஓடக் கிளம்புகிற நிலை. 1994-ல் வேறு மைதானத்தில் வைத்தது, பிறகு இங்கே கொண்டுவந்தார்கள். அதன் பீடத்தில் பியூர்ட்டோ ரிக்கோ மண்ணும், அவர் ஆடிய ஃபோர்ப்ஸ் ஃபீல்டு, த்ரீ ரிவர்ஸ் மைதானங்களின் மண்ணும் வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு மைதானமும் இப்போது இல்லை. பழையதை 2001-ல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டுப் பக்கத்தில் பி.என்.சி. பார்க் என்று இதைத் திறந்தார்கள்.

உள்ளே போனால் ஆறும் பாலமும் ஊரும் படம் மாதிரி எதிரே தெரிகின்றன. அவர் நிற்கிற வலது பக்கச் சுவரை அவர் ஞாபகமாக இருபத்தோரு அடி உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். அந்த 2025-ஆம் வருஷம் ஆட்டங்கள் தொடங்கியபோது, அந்தச் சுவரிலிருந்த 21 சின்னத்தின் இடத்தில் ஒரு மதுபான விளம்பரம் வந்துவிட்டதாம். குடும்பத்தார் மனம் வருந்தினார்கள், ஊரே கொதித்தது. நிர்வாகம் மன்னிப்புக் கேட்டுச் சின்னத்தைத் திரும்ப வைத்தது. செத்துப்போய் அரை நூற்றாண்டு ஆனவருக்காக ஒரு ஊர் இப்படிச் சண்டை போடுகிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆட்டத்துக்கு நடுவே ஒரு கூத்து. பியரோகி என்று உருளைக்கிழங்குப் பூரணம் வைத்து அவிக்கிற ஒரு பண்டம், நம்ம கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை. அந்த மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு சிலர் மைதானத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயம் ஓடுகிறார்கள்! கொழுக்கட்டை ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மைதானத்துக் கடையில் இல்லாத சாமான் இல்லை. தொப்பி, பனியன், காபிக் கோப்பை, குழந்தை உடுப்பு, சாவிக்கொத்து. நம்ம தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை மாதிரி, தட்டினால் தலையாட்டுகிற வீரர் பொம்மைகள். 21-ஆம் எண் சட்டையைப் புரட்டி விலைச் சீட்டைப் பார்த்தேன். நூறு டாலருக்கு மேல்! நம்ம கணக்கில் எட்டாயிரம் ரூபாயைத் தாண்டும். இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்துவிட்டேன்.

பேரன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பாட்டி வாங்கித் தரத் தயாராகப் பர்ஸைத் திறந்தார். அவன், "எனக்கு இது வேண்டாம் பாட்டி, பெட்டியில் இருக்கிறதே, அது வேண்டும்" என்றான். அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. வீடு வரும்வரை ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

விலை வேறு, மதிப்பு வேறு

மறுவாரம் பழஞ்சாமான் வியாபாரி ஒருவர் வந்து பெட்டியைப் பார்த்தார். நானும் இருந்தேன். அட்டைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மூலை தேய்ந்ததெல்லாம் ஒரு பக்கம், கூர் கெடாதது ஒரு பக்கம். தேய்ந்ததற்கு அற்ப விலை. யாரும் தொடாமல், புஸ்தகத்துக்குள் மறந்துபோயிருந்த ஒரே ஒரு அட்டைக்கு நல்ல விலை. குழந்தைகள் ஆசையோடு எடுத்து எடுத்துப் பார்த்ததெல்லாம் மட்டம், கண்ணிலேயே படாமல் கிடந்தது உசத்தி! சந்தையின் நியாயம் அது. சட்டையைப் புரட்டிப் பார்த்தவர், "வீட்டில் தைத்ததா? இதற்கு விலை இல்லையே அம்மா" என்று மடித்து வைத்துவிட்டார்.

அந்த அம்மாள் ஒரே சிரிப்பாகச் சிரித்தார். "நல்லவேளை! விலை இருந்தால் நான் யோசிக்க வேண்டியிருந்திருக்கும்" என்றார். அட்டைகளைக் கொடுத்துவிட்டார்.

ஆனால் பேரன் கேட்டதற்குப் பதில்? செப்டம்பர் 15-ஆம் தேதியை ரொபெர்ட்டோ கிளமெண்டே நாள் என்று பேஸ்பால் உலகம் கொண்டாடுகிறது. 2020-ல் ஒருநாள் பைரேட்ஸ் வீரர்கள் எல்லோரும் 21 போட்டுக்கொண்டு ஆடினார்கள். அதுமுதல் மற்ற அணிக்காரர்களும் அந்த நாளில் அந்த எண்ணைப் போட்டுக்கொள்கிறார்கள். பையன் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போக ஆசைப்பட்டான். அவருக்கோ பயம். அறுபது வருஷத் துணி. தோள் தையல் விட்டிருந்தது. இழுத்தால் கிழியும். கிழிந்தால் அம்மா கைத்தையல் போயிற்று. கொடுக்காவிட்டால் இந்தப் பெட்டி அவன் காலத்தில் குப்பைக்குத்தான் போகும்.

"நீ தைக்கிறவள், நீ சொல்லு" என்று என் கையில் கொடுத்தார்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துணி நல்ல பருத்தி, இன்னும் உயிர் இருந்தது. நூல்தான் உளுத்துப் போயிருந்தது. "போடட்டும் அம்மா. நான் கெட்டிப்படுத்தித் தருகிறேன்" என்றேன். மிஷினில் போடவில்லை. இரண்டு தோளுக்கும் உள்பக்கமாக மெல்லிய மல் துணி வைத்து, கையாலேயே பொடித் தையலாகத் தைத்தேன். பழைய தையல் ஒன்றையும் பிரிக்கவில்லை. சாய்ந்திருந்த '1' என்கிற எண்ணை நிமிர்த்தி வைக்கட்டுமா என்று தங்கை கேட்டாள். தொடாதே என்று சொல்லிவிட்டேன். அந்தச் சாய்வில்தானே அந்தத் தாயின் கை இருக்கிறது?

பையன் போட்டுக்கொண்டு போனான். இவர் யார், இது யார் தைத்தது என்று வகுப்பில் கேட்டார்களாம். இரண்டையும் சொன்னானாம். ரொபெர்ட்டோ என்றே சொன்னானாம், பாப் என்று இல்லை. சட்டை பத்திரமாகத் திரும்பி வந்தது. கழுத்தில் மட்டும் கொஞ்சம் தக்காளிச் சாஸ். அந்த அம்மாள் அதைக் கண்டு கோபிக்கவில்லை. "இதுவும் இருக்கட்டும்" என்றார். சொன்னாரே தவிர, சாயங்காலமே பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டார். வீட்டுக்காரி அல்லவா!

நம் வீட்டுப் பெட்டிக்கு

நம் வீடுகளில் பேஸ்பால் சட்டை இருக்காது. மாமனாரின் ஜிப்பா, பாட்டியின் கண்டாங்கிப் புடவை, பிள்ளைக்கு முதல் முதல் தைத்த சொக்காய் என்று ஏதாவது இருக்கும். அந்த மாதிரி துணிகளுக்குச் சில வார்த்தைகள்:

கஞ்சி போட்டு மடித்து வைக்காதீர்கள், கஞ்சிக்குப் பூச்சி வரும். துவைத்து, நிழலில் நன்றாக உலர்த்தி, ஈரம் துளியும் இல்லாமல் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் உள்ளுக்குள்ளேயே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். துவைத்த பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுவதே நல்லது. காய்ந்த வேப்பிலையோ வசம்போ ஒரு சின்னத் துணியில் முடிந்து, சட்டையின்மேல் படாமல் பக்கத்தில் வைக்கலாம். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வெளியே எடுத்துக் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் மடிப்போடு இற்றுப்போகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒரு சின்னக் காகிதத்தில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். யாருடையது, யார் தைத்தது, எந்த வருஷம், எதற்காக. பேரைச் சுருக்காமல் முழுசாக எழுதுங்கள். நமக்குத்தான் தெரியுமே என்று விட்டுவிட்டால், நமக்கு அடுத்து வருகிறவர்கள் பெட்டியைத் திறக்கும்போது அது வெறும் பழந்துணியாகத்தான் தெரியும். எப்போதாவது ஒருநாள், தையல் தாங்குமா என்று பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு அதைப் போட்டும் விடுங்கள்.